கிளினிக்கா பிஜியான்னு கேட்கறீங்க, காசு போறது பண்ருட்டிக்கு

கேள்வி: வணக்கம் சார். எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம், வயசு 29. எம்பிபிஎஸ் முடிச்சுட்டு பாண்டிச்சேரியில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டரா இருக்கேன், கையில 72,000 வருது. ஸ்பெஷாலிட்டி மேல எனக்கு பெருசா ஆசை இல்ல, காய்ச்சல், சுகர், பிரஷர், குழந்தைங்க, வயசானவங்கன்னு எல்லாரையும் பார்க்கற குடும்ப டாக்டரா நம்ம ஊர் பக்கமே இருக்கணும்னுதான் ஆசை. நெல்லிக்குப்பத்துல ஒரு இடம் பார்த்திருக்கேன், பேங்க்ல இருந்து 15 லட்சம் டாக்டர் லோன் ரெடின்னு தினமும் மெசேஜ் வருது. வீட்ல வெறும் எம்பிபிஎஸ்னா யாரு மதிப்பா, வரனே அமையாதுங்கறாங்க. மாமா பிரைவேட்ல ஒரு ஸ்கின் பிஜி (மேல்படிப்பு) சீட் 75 லட்சத்துக்கு பேசி வச்சிருக்கேன், வீட்டை அடமானம் வைக்கலாம்ங்கறார். அவர் 2015ல என் காலேஜ் ஃபீஸ் 4 லட்சம் கட்டினவர், பண்ருட்டியில முந்திரி வியாபாரம். அந்த நன்றிக்காக அவர் கேட்டப்பல்லாம் பர்சனல் லோனை டாப் அப் பண்ணி, அதாவது இருக்கற கடன் மேலயே கூட வாங்கி, கொடுத்திருக்கேன், 2022ல 2.5 லட்சம், 2023ல 2, 2024ல 3, போன மார்ச்ல 1.5. தங்கச்சி கல்யாணத்துக்கு 2023லயே ஒரு 4 லட்சமும் அதே கடன்ல எடுத்தேன். இப்ப 14 சதவீத வட்டியில அந்த இஎம்ஐ 23,700, படிப்புக் கடன் 13,500, யூலிப் (மார்க்கெட்ல போடற இன்ஷூரன்ஸ் பாலிசி) வருஷம் ஒரு லட்சம், வீட்டுக்கு 12,000. சேமிப்பு 70,000 தான். மாமா இந்த சீசனுக்கு 3 லட்சம் கேட்டிருக்கார். பயமா இருக்கு சார். கிளினிக்கா, பிஜியா?

பதில்: டாக்டரம்மா, லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். சேமிப்பு வேணும், எமர்ஜென்சி ஃபண்ட் வேணும்ங்கற பாடமெல்லாம் உங்களுக்கு நான் எடுக்க வேண்டியதில்ல. கிளினிக்கா பிஜியாங்கற கேள்விக்கும் வரேன், ஆனா உங்களை அரிக்கறது அது இல்ல. மாமா கேட்டா டாப் அப், அந்த ஒரு பழக்கம்தான்.

முதல்ல நன்றிக்கணக்கைப் பார்ப்போம், ஏன்னா அதை இதுவரைக்கும் யாரும் போட்டதே இல்லைன்னு தெரியுது. மாமா கொடுத்தது 4 லட்சம். வெளியாள்கிட்ட வாங்கின மாதிரி 10 சதவீதம், அதுவும் வட்டிக்கு வட்டி போட்டே பார்க்கறேன். 2022ல அது கிட்டத்தட்ட 7.8 லட்சம் ஆயிருக்கும். நீங்க 2.5 கொடுத்தீங்க, மீதி 5.3. அது ஒரு வருஷத்துல 5.83 ஆச்சு, 2 கொடுத்தீங்க, 3.83. அடுத்த வருஷம் 4.21, அதுல 3 போச்சுன்னா 1.21. போன மார்ச்ல அது 1.33, நீங்க கொடுத்தது 1.5. அதாவது வட்டிக்கடைக்காரர் மாதிரி கறாரா கணக்கு போட்டாலும் போன மார்ச்லயே பாக்கி தீர்ந்து ஒரு 17,000 கூடவே போயிருக்கு. சொந்தத் தாய்மாமா வட்டி போடுவாரான்னு நீங்க கேட்கலாம், போடலைன்னா 4 லட்சத்துக்கு 9 லட்சம் கொடுத்திருக்கீங்க, அவ்வளவுதான்.

அப்ப இப்ப கேட்கற 3 லட்சம் என்னது? அவர் கேட்ட மாசங்களைப் பாருங்க, முந்திரிக்கொட்டை சீசன் மாசி பங்குனியில ஆரம்பிக்கும், கொட்டை வாங்க ரொக்கம் வேணும், போன தடவையும் மார்ச்ல கேட்டிருக்கார், இந்தத் தடவை சீசனுக்குன்னு சொல்லியே கேட்டிருக்கார். இது பழைய கடனுக்கு வசூல் இல்ல, அவர் வியாபாரத்துக்கு வேணும்கற முதல். நீங்கதான் அவரோட வட்டியில்லா ஓவர்டிராஃப்ட், வட்டியை மட்டும் 14 சதவீதத்துல நீங்க கட்டறீங்க. மாமா கெட்டவர்னு நான் சொல்லல, ஃபீஸ் கட்ட ஆள் இல்லாத நேரத்துல கட்டினவர், அது பெரிய விஷயம். ஆனா வியாபாரிக்கு வியாபாரக் கடன் கிடைக்கும், மத்திய அரசோட முத்ரா கடன்லயே முதல் தடவைக்கே 10 லட்சம் வரைக்கும் கொடுக்கறாங்க, பேங்க்ல வேணும்கறப்ப எடுத்து திருப்பிக் கட்டற சிசி அக்கவுண்ட் இருக்கு. அங்க கணக்கு காட்டணும், உங்ககிட்ட காட்ட வேணாம், வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்க பக்கக் கணக்கு என்னன்னா, தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த 4ஐயும் சேர்த்து நாலு தடவையில மொத்தமா 13 லட்சம் எடுத்திருக்கீங்க. ஒவ்வொரு டாப் அப்புக்கும் அஞ்சு வருஷம் புதுசா ஓட ஆரம்பிக்குது, பிராசஸிங் ஃபீ, கூடவே ஒரு இன்ஷூரன்ஸ்னு ஒட்டிக்கிட்டே வருது. உத்தேசமா இதுவரைக்கும் இஎம்ஐயா 7.8 லட்சம் கட்டியிருப்பீங்க, இன்னும் 9.1 லட்சம் சுமார் நிக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட்ல சரி பாருங்க, ஆயிரம் ரெண்டாயிரம் முன்ன பின்ன இருக்கலாம். இதே வேகத்துல இன்னும் 51 மாசம். நடுவுல 3 லட்சம் டாப் அப் பண்ணா மறுபடி 60 மாசம், இஎம்ஐ 28,000 தாண்டும்.

மாமாகிட்ட எப்படி சொல்றதுன்னு கேட்பீங்க. போன்ல வேணாம், வாட்ஸ்அப்ல வேணவே வேணாம். அம்மாவை பக்கத்துல உட்கார வச்சு, ஒரு நோட்டுல 2015ல வாங்கினது, இதுவரை கொடுத்தது எல்லாத்தையும் தேதியோட எழுதி, "மாமா, நீங்க பண்ணதை நான் மறக்கல, இன்னும் பாக்கி இருக்குன்னு நீங்க நினைச்சா எவ்வளவுன்னு ஒரே தொகையா சொல்லுங்க, மாசம் 5,000னு கொடுத்து முடிக்கறேன், ஆனா என் பேர்ல இனி லோன் எடுக்க மாட்டேன்"னு சொல்லுங்க. அவர் தொகையே சொல்ல மாட்டார்னு நினைக்கறேன். சொன்னாலும் நல்லதுதான், முடிவுள்ள கடன் ஆயிடும். சரி பணம் வேணாம், என் பேங்க் லோனுக்கு ஜாமீன் மட்டும் போடுன்னு கேட்டா அதுக்கும் கையெழுத்து கிடையாது. ஒப்பந்தச் சட்டப்படி, தனியா வேற மாதிரி எழுதிக்கலைன்னா, ஜாமீன்தாரர் பொறுப்பும் கடன் வாங்கினவர் பொறுப்பும் ஒண்ணுதான்.

அடுத்தது அந்த 75 லட்சம் ஸ்கின் சீட். இதுல எனக்கு கொஞ்சம் கோபமே வருது. பிஜி சீட் நீட் பிஜி ரேங்க் வச்சு கவுன்சிலிங்லதான் வரும், நிகர்நிலைப் பல்கலைக்கழக சீட்டும் மத்திய கவுன்சிலிங் வழியாத்தான், இது என்னைவிட உங்களுக்கு நல்லா தெரியும். அப்புறம் யாரோ "பேசி வச்சிருக்கேன்"னா என்ன அர்த்தம்? அட்வான்ஸ்னு ஒரு ரூபா போயிடக்கூடாது. கவுன்சிலிங்லயே கிடைச்சாலும் 75 லட்சம், 11 சதவீதம், பத்து வருஷம்னா இஎம்ஐ மாசம் ஒரு லட்சத்தை தாண்டும், படிக்கற மூணு வருஷ வட்டி தனி. உங்களுக்கு ஆசையே இல்லாத ஒரு ஸ்பெஷாலிட்டிக்கு அம்மா அப்பா வீட்டை வைக்கறதா? வரனுக்காக வீட்டை அடமானம் வச்சா அப்புறம் வர்ற வரன் அந்தக் கடனையும் சேர்த்துத்தான் கட்டிக்கணும்.

குடும்ப டாக்டரா இருக்கறது பொழைக்கத் தெரியாத முடிவுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதே சமயம் காசு கொட்டும்னும் நினைக்காதீங்க. நம்ம பக்கம் பெரிய வியாதின்னா ஜனங்க பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிடுவாங்க. சுகர் பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம், 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து கொடுக்கறாங்க. அதனால மாத்திரை எழுதிக் கொடுக்க மட்டும் உங்ககிட்ட வர மாட்டாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு குழந்தைக்கு காய்ச்சல், அப்பாவுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு கேஸா ஹார்ட்டா, ஒரு நாள் கூலியை விட்டுட்டு க்யூல நிக்க முடியாதவங்க, இவங்கதான் உங்க ஆளுங்க. எதை இங்கயே பார்க்கலாம், எதை உடனே ஜிப்மர் அனுப்பணும்னு சரியா சொல்ற டாக்டரை ஒரு ஊரு விடவே விடாது.

ஆனா அதுக்கு 15 லட்சம் எதுக்கு? 12 சதவீதம், அஞ்சு வருஷம்னா இஎம்ஐ 33,000க்கு மேல. ஃபீஸ் 150 ரூபான்னு வச்சா மாசம் 223 பேஷன்ட், 25 நாள் கிளினிக்னா தினமும் முதல் ஒம்பது பேரை பேங்குக்காக பார்க்கணும். புதுசா போர்டு மாட்டின டாக்டருக்கு முதல் ஆறு மாசம் ஒம்பது பேர் வர்றதே பெருசு. ஏசி, ஃபால்ஸ் சீலிங், ஃபார்மசி, லேப் கலெக்ஷன் சென்டர்னு லிஸ்ட் போட்டு உங்களை உசுப்பேத்துவாங்க. லேப்ல இருந்து "ரெஃபரல்" தரேன்னு ஒருத்தன் வருவான், கமிஷன் வாங்கக் கூடாதுன்னு 2002 மருத்துவ நெறிமுறை விதியிலயே இருக்கு, வாசல்லயே அனுப்பிடுங்க.

இப்ப வேலையை விடாம சாயங்காலம் மட்டும் மூணு மணி நேரம் ஒரு ரூம்ல ஆரம்பிங்க, முதல்ல உங்க ஆஸ்பத்திரி ஒப்பந்தத்துல வெளி பிராக்டிஸுக்கு தடை இருக்கான்னு பாருங்க. கவுச், பிபி மெஷின், நெபுலைசர், சின்ன ஈசிஜி, டேபிள், போர்டு, ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து ரெண்டு, ரெண்டரை லட்சத்துல அடங்கும். வாடகை, ஒரு அசிஸ்டன்ட், கரண்ட், மருத்துவக் கழிவுன்னு மாசம் 21,000 வச்சுக்கங்க. தினமும் ஏழு பேஷன்ட் வந்தா மாசம் 26,000, கைக்காசு போகாது. பதினஞ்சு பேர் வந்தா 56,000, செலவு போக 35,000 மிச்சம். அந்த நிலைமை வந்தப்புறம் வேலையை விடறதைப் பத்தி யோசிங்க. ரூம் பார்க்கறப்ப 2024 டிசம்பர்ல பெண்ணையாத்து தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சுன்னு பக்கத்துல கேளுங்க, ஈசிஜி மெஷின் நனைஞ்சா போச்சு.

இன்னொரு வழியும் இருக்கு, வீட்டுக்கும் சொல்லி ஒத்துக்க வைக்கலாம். அரசு டாக்டர்களை எடுக்கற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்ஆர்பி, அறிவிப்பு விட்டா அப்ளை பண்ணுங்க. உதவி மருத்துவர் அடிப்படைச் சம்பளம் 56,100ல ஆரம்பிக்குது, அகவிலைப்படி தனி. ஆரம்ப சுகாதார நிலைய வேலை நீங்க ஆசைப்படற வேலையேதான், தமிழ்நாட்டுல டியூட்டி நேரத்துக்கு வெளியே பிராக்டிஸும் பண்ணலாம், பின்னாடி பிஜி வேணும்னு தோணினா அரசு டாக்டர்களுக்குன்னு ஒதுக்கற சர்வீஸ் கோட்டாவும் இருக்கு. இல்லைன்னா டிஎன்பி ஃபேமிலி மெடிசின்னு குடும்ப மருத்துவத்துக்கே ஒரு பிஜி படிப்பு, மூணு வருஷம், ஸ்டைபண்ட் வாங்கிட்டே படிக்கலாம், போர்டுல போட டிகிரியும் ஆச்சு.

கடைசியா அந்த யூலிப். லோன் டாப் அப் பண்ண போனப்ப பேங்க்ல தலையில கட்டியிருப்பாங்க, பந்தயம் கட்டறேன். 14 சதவீதக் கடன் வச்சுக்கிட்டு மார்க்கெட்ல போடறது எந்த ஊர் நியாயம்? நிறுத்தினா அஞ்சு வருஷ லாக் இன் முடிஞ்சப்புறம்தான் பணம் வரும், பிடித்தம் சில ஆயிரம், போகட்டும். அதுக்கு பதிலா ஒரு டெர்ம் பாலிசி, கிளினிக் ஆரம்பிக்கற அன்னிக்கு பேஷன்ட் கேஸ் போட்டா கைகொடுக்கற புரொஃபஷனல் இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் ஒண்ணு, போதும். யூலிப்ல மிச்சமாகற 8,300, கையில நிக்கற 14,500ல இருந்து ஒரு 6,700, மொத்தம் 15,000 மாசாமாசம் பர்சனல் லோனுக்கு சேர்த்துக் கட்டினா 51 மாசம் 28 ஆகும், வட்டியில 1.4 லட்சம் மிச்சம். ஃபிக்ஸட் ரேட் லோன்னா பார்ட் பேமென்ட்டுக்கு கட்டணம் இருக்கும், எத்தனை தடவை கட்ட விடுவாங்கன்னு பேங்க்ல கேட்டுட்டு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சேர்த்து கட்டுங்க. அப்படியே அந்த ப்ரீ அப்ரூவ்டு மெசேஜையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டு வாங்க.