அம்மாவின் துணிப்பை

அன்பின் அக்காவுக்கு,
2014இல் மீரியபெத்த மண்சரிவில் பெரியம்மாவை இழந்தோம். அம்மா தப்பினார். இன்றும் மழை பெய்தால் தூங்குவதில்லை. அடையாள அட்டைகள் வைத்த துணிப்பையுடன் கதவருகே உட்கார்ந்திருப்பார். பையை ஒளித்துவைத்தும் பார்த்தோம். கண்களை அசைத்து மனக்காயத்தை ஆற்றும் சிகிச்சை பற்றிக் காணொளியில் பார்த்தேன். இது ஹிப்னாடிசமா? நானே அம்மாவுக்குச் செய்யலாமா? மாமா, சாமி பார்க்கலாம் என்கிறார்.
க., ஹப்புத்தளை

அன்பின் தம்பி,

முதலில் அந்தப் பையை அம்மாவிடம் திருப்பிக் கொடுங்கள்.

நீங்கள் பார்த்தது ஈ.எம்.டி.ஆர். (EMDR) என்ற சிகிச்சை. அது ஹிப்னாடிசம் இல்லை. சாமி பார்ப்பது அம்மாவின் விருப்பம். சிகிச்சையை நீங்களே செய்யக் கூடாது. 1987இல் அமெரிக்க உளவியலாளர் பிரான்சீன் ஷப்பீரோ தொடங்கிய இந்த முறையில் எட்டுக் கட்டங்கள் உண்டு. நினைவைத் தொடுமுன், அது கிளறும் கலக்கத்தைத் தாங்க ஆளைத் தயார் செய்வார்கள். பிறகே கொடுமையான காட்சியை மனதில் நிறுத்தியபடி, சிகிச்சையாளரின் விரலைக் கண்களால் இடமும் வலமும் தொடரச் சொல்வார்கள். இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யும்போது மனதில் அந்தக் காட்சியின் உக்கிரம் குறைகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு உண்மையிலேயே தேவையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் சிகிச்சை பலன் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதைப் பரிந்துரைத்தது. காணொளி பார்த்து விரலை ஆட்டினால், கிளறிவிட்டதை அடக்க உங்களுக்குத் தெரியாது.

இனி அந்தப் பை. மண்சரிவுக்குப் பிறகு கொஸ்லந்தையில் பாடசாலையில் தங்கியிருந்தவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிய துணியோடு வந்த ஒரு பெண்ணிடம், பதிவு எழுதியவர் அடையாள அட்டை கேட்டார். அந்தப் பெண் மலைப்பக்கம் கையைக் காட்டினார். வேறெதுவும் சொல்லவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயமே மண்ணுக்குள் போன பிறகு, தான் இன்னார் என்று எதைக் காட்டி நிரூபிப்பார்? உங்கள் அம்மா மடியில் வைத்திருப்பது அந்தக் கேள்விக்கான பதில். அதைப் பைத்தியம் என்று ஒளித்துவைத்தீர்களே, எப்படி மனம் வந்தது?

மலையகத்தில் மழைக்குப் பயப்படுவது முழுவதும் நோயாகிவிடாது. அந்த இடம் ஆபத்தானது என்று மீரியபெத்தவில் முன்பே எச்சரித்திருந்தார்கள். சனம் அங்கேயே இருந்தது, போக வேறு இடமில்லாமல். 2014 ஒக்டோபர் 29 இன்னும் நடந்துகொண்டிருப்பதாக அம்மாவின் உடல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைச் சிகிச்சை தணிக்கலாம், தணிக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடும் இரவில் பையை எடுத்துக்கொண்டு இறங்கும் புத்தி மட்டும் அவருக்கு இருக்கட்டும். உங்களுக்கும் வரட்டும். வீட்டுக்கு மேலே சரிவில் வெடிப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. தலைக்கு மேல் மண் நிற்கும்போது எந்தச் சிகிச்சையும் அம்மாவைத் தூங்கவைக்காது. முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.

பிறகு பதுளை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதற்குமுன் மனநல உதவிக்கான தொலைபேசி எண் 1926ஐ அழைத்தும் பேசலாம். ஈ.எம்.டி.ஆரில் முறையாகப் பயிற்சி பெற்றவர் உண்டா என்று கேளுங்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லும்படி இதில் வற்புறுத்த மாட்டார்கள், வாய்விட்டுச் சொல்ல முடியாத அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மொழிபெயர்க்க நீங்கள் உள்ளே உட்கார வேண்டாம். அக்காளைப் பற்றி மகன் முன்னால் அவர் பேச மாட்டார். தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கேளுங்கள், கிடைக்கும்வரை விடாமல் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா