இறக்கத்தில் டிரெயிலர்: எக்ஸோஸ்ட் பிரேக் கேள்வி பதில்

டீசல் கெப்பில் (பிக்கப் வண்டியில்) டிரெயிலர் இழுக்கிறவர்கள் எக்ஸோஸ்ட் பிரேக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லொறி ஓட்டி, பிறகு கராஜ் வைத்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

லிந்துலையிலிருந்து ஒரு தம்பி: கெப்பில் தண்ணி பவுசர் இழுக்கிறேன். கியரைக் குறைத்தாலும் வண்டி பிடிக்க மாட்டேன் என்கிறது. பெட்ரோல் வான் இப்படி இல்லையே, ஏன்?

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்று போகும் வழி அடைபடும். பிஸ்டன் காற்றை உறிஞ்சத் திணறும், வண்டி பிடிக்கும். டீசல் எஞ்சினில் அந்த வழி பெரும்பாலும் திறந்தே கிடக்கும். எக்ஸோஸ்ட் பிரேக் என்பது சைலன்சர் குழாயில், டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் விசிறி) பின்னால் வைக்கும் ஒரு தட்டு. அதை மூடினால் காற்று வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறும். பிஸ்டன் அதை எதிர்த்துத் தள்ள வேண்டும். இந்த முறை திணறல் வெளியே போகும் பக்கத்தில், அவ்வளவுதான்.

நானுஓயா: பெரிய லொறியில் கழற்றிய பிரேக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கெப்பில் பூட்டலாமா?

வேண்டாம் அண்ணன். விலையை விட முக்கியம் உங்கள் எஞ்சின் தாங்கும் அழுத்தம். எஞ்சினிலிருந்து புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ட் வால்வை மூடி வைத்திருப்பது ஒரு ஸ்பிரிங். பின்னழுத்தம் அந்த ஸ்பிரிங்கை மிஞ்சினால், மூடியிருக்க வேண்டிய வால்வு எழும்பி எழும்பி, அது உட்காரும் சீட்டில் அடிக்கும். அப்படி ஓடிய ஒரு எஞ்சினைப் பிரித்திருக்கிறேன். சீட்டைச் சுற்றி, சுத்தியலால் தட்டிய தகரம் மாதிரிப் பள்ளம். வாங்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எஞ்சின் செய்தவர் எவ்வளவு அழுத்தம் அனுமதிக்கிறார், தட்டு உங்கள் குழாய் அளவுக்குச் செய்ததா, மிஞ்சும் அழுத்தத்தை விட்டுவிட அதில் வழி இருக்கிறதா. பூட்டிய பின் டர்போவுக்கு முன்னால் ஒரு கேஜ் வைத்து, உயர்ந்த ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் சுற்றும் வேகத்தில்) அளந்து பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

ஹட்டன்: கனடாவில் மச்சான் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் போட்ட ராம் பிக்கப் வைத்திருக்கிறார். தனியாக ஒன்றும் பூட்டவில்லை, பிரேக் இருக்கிறது என்கிறார். கதை விடுகிறாரா?

உண்மைதான். 2007இல் வந்த 6.7 லீட்டர் எஞ்சினில் டர்போவே அந்த வேலையைச் செய்யும், உள்ளே இருக்கும் வழி குறுகும். அதற்கு முந்திய 5.9க்குத்தான் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும்.

பண்டாரவளை: என்னுடையது ஆட்டோ கியர். எக்ஸோஸ்ட் பிரேக் வேலை செய்யுமா?

ஆட்டோ கியரில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைப்பது டார்க் கன்வெர்ட்டர். அது லாக் ஆகாவிட்டால் சில்லின் பலம் எஞ்சினுக்கு முழுதாக வந்து சேராது. லாக்கைப் பிடித்து வைக்கும் கொன்ட்ரோலரும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள்.

கம்பளை: இது இருந்தால் டிரெயிலருக்குத் தனி பிரேக் தேவையா?

கட்டாயம் தேவை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், கண்டி சுமார் 500. கெப்பும் டிரெயிலருமாக 3 தொன் வண்டி 1000 மீட்டர் இறங்கினால் வரும் சக்தி, 80 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டு அண்டா ஒன்று! காற்றும் உராய்வும் கொஞ்சம் தின்னும், மிச்சம் எல்லாம் பிரேக்குக்குத்தான். லொறி ஓட்டிய காலத்தில் றம்பொடை வளைவுகளில் பெடலை மிதித்துக்கொண்டே இறங்கினேன். முதலில் லைனிங் கருகும் மணம். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. மண் மேட்டில் ஒதுக்கித்தான் நிறுத்தினேன். எக்ஸோஸ்ட் பிரேக் வேகத்தை ஏறவிடாமல் பிடிக்கும், வண்டியை நிறுத்தாது. அதுவும் ஆர்.பி.எம். உயர்ந்திருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள்.

வெலிமடை: மழையில் போடலாமா?

பின்சில்லு மட்டும் இழுக்கிற கெப் என்றால் பிடிப்பு முழுக்கப் பின்சில்லில்தான் விழும். ஈரத்தில் அது வழுக்கினால் டிரெயிலர் உங்களைத் தள்ளிக்கொண்டு திரும்பும். நான் அணைத்துவிட்டு, கியரிலேயே ஊர்ந்து வருவேன்.

பதுளை: பூட்டி ஒரு வருடமாயிற்று, இப்போது தட்டு திறக்க மறுக்கிறது.

கரி பிடித்திருக்கும். தண்டில் வெப்பம் தாங்கும் எண்ணெய் விட்டு, கையால் ஆட்டிப் பாருங்கள். இனி டிரெயிலர் இல்லாத நாளிலும் இரண்டு தடவை போட்டு எடுங்கள்.