மறுக்கப்பட்ட மானிய விண்ணப்பம்: ஆறு வாரத்தில் எதைத் திருத்துவது?

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் மருத்துவர். நீரிழிவு நோயாளிகளில் யாருடைய சிறுநீரகம் வேகமாகப் பழுதடையும் என்பதை, சிறுநீரில் உள்ள ஒரு புரதத்தை அளந்தே முன்கூட்டிச் சொல்லலாம் என்று நம்புகிறேன். 300 பேரை மூன்று ஆண்டு பின்தொடர்ந்து, எட்டுக் காரணிகளோடு சேர்த்து ஆராய்வதாக எழுதி மானியத்துக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. "யோசனை நன்று. இலக்குகள் மிகுதி. 300 பேர் ஏன் என்பதற்கு விளக்கம் இல்லை. இப்போதுள்ள பரிசோதனைகளைவிட இது எவ்வகையில் மேல்?" என்று மதிப்பீட்டாளர்கள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த சுற்றுக்கு ஆறு வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மூன்று குறைகளாக எழுதியிருந்தாலும் அவர்களைத் தடுமாற வைத்தது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உங்கள் ஆய்வு இன்னும் ஒரே கேள்வியாகத் திரளவில்லை. அது திரண்டுவிட்டால் எத்தனை பேர், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதன் பின்னால் தானே வந்துவிடும்.

ஆறு வாரம் போதுமா என்ற கவலை வேண்டாம். 2012ல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு விண்ணப்பித்தவர்களிடம் கேட்டு ஒரு கணக்கு எடுத்தார்கள். புதிய விண்ணப்பத்துக்குச் சராசரியாக 38 வேலை நாள். திருத்தி மறுபடி அனுப்பியவர்களுக்கு 28. மதிப்பிடப்பட்ட 3,570 விண்ணப்பங்களில் 731க்குத்தான் மானியம் கிடைத்தது. அதிக நாள் உழைத்தவர்களுக்கு அதனாலேயே வெற்றி கூடியதாகவும் தெரியவில்லை. உங்களிடம் 30 வேலை நாள் இருக்கிறது. முதல் பத்து நாள் படிவத்தையே திறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆய்வின் நோக்கங்களை ஒரே பக்கத்தில் அடக்கியாக வேண்டும். இங்கே எந்த மானியத்துக்கு விண்ணப்பித்தாலும் அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக் குழுவில் இருந்தபோது நானும் வார்டு வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரவில்தான் விண்ணப்பங்களைப் படித்தேன். முதல் பக்கத்தில் கேள்வி பிடிபடாத விண்ணப்பத்துக்காகக் குழுவில் வாதாட எனக்கு வழியே இருந்ததில்லை. அதை எழுதியவர் திறமைசாலி என்று தெரிந்தும் கைவிட்ட நாட்கள் உண்டு. இன்றும் அது மனத்தை உறுத்துகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவே காரணம். ஆகவே நோயின் முக்கியத்துவத்தை விளக்க இரண்டு பத்தி தேவையில்லை. இரண்டு வரி போதும். அவர்கள் கேட்பது வேறு. 2011ல் கனடாவில் உருவாக்கப்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அபாயச் சமன்பாடு வயது, பாலினம், இ-ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறனின் மதிப்பீடு), சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம் என்ற நான்கை மட்டும் வைத்து அபாயத்தை நன்றாகவே கணிக்கிறது. நான்கும் எல்லாப் பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) கிடைக்கும், செலவும் குறைவு. அதற்கு மேல் உங்கள் புரதம் எதைச் சொல்லப்போகிறது?

எனக்குத் தெரிந்தவரை உங்களுக்கு நல்ல பதில் இருக்கிறது, ஆனால் நீங்கள் அதை எழுதவில்லை. அந்தச் சமன்பாடு இ-ஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே இறங்கிவிட்டவர்களுக்காக உருவானது. 60க்கு மேல் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. மேலும், நீரிழிவாளர்களில் ஒரு பகுதியினருக்கு அல்புமின் கசியாமலேயே சிறுநீரகத்தின் திறன் குறைந்துகொண்டு போகிறது. அல்புமினை மட்டும் நம்பினால் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். உங்கள் இடம் இதுதான். "இ-ஜிஎஃப்ஆர் 60க்கு மேல் உள்ள நீரிழிவாளர்களில், இப்போது அளக்கும் இ-ஜிஎஃப்ஆர், அல்புமின் விகிதம் இரண்டோடும் இந்தப் புரதத்தையும் சேர்த்தால், மூன்று ஆண்டுக்குள் இ-ஜிஎஃப்ஆர் 40 விழுக்காடு குறையப்போகிறவர்களை இன்னும் சரியாக அடையாளம் காண முடியுமா?" ஒரே வாக்கியம். புரதம் ஏன் கூடுகிறது, எந்த மரபணு, எந்த மருந்து என்ற மற்ற இலக்குகளை அடுத்த விண்ணப்பத்துக்கு எடுத்து வையுங்கள். மனம் வராது என்பது தெரியும்.

இப்போது அந்த 300. இத்தகைய ஆய்வில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட எத்தனை பேருக்கு அந்த வீழ்ச்சி நேர்ந்தது என்பதே கணக்கு. பத்து விழுக்காட்டினருக்கு நேரும் என்று வைத்துக்கொண்டால் 300 பேரில் 30 நிகழ்வுகள். ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வாவது வேண்டும் என்ற பழைய கைக்கணக்கின்படி அது மூன்று காரணிகளைத் தாங்கும். நீங்கள் எட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 80 நிகழ்வு, அதாவது 800 பேர். நூற்றுக்கு 15 பேர் இடையில் வராமல் போவார்கள் என்றால் 940க்கு மேல் சேர்க்க வேண்டும். சிறுநீரகம் இன்னும் நன்றாக இருக்கும் கட்டத்தில் பத்து விழுக்காடு என்பதே அதிகமாக இருக்கலாம். ஐந்து என்றால் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். இன்று புள்ளியியலாளர்கள் இதைவிட நுட்பமான முறைகளைக் கையாள்கிறார்கள். அவர்களில் ஒருவரை இந்த வாரமே உடன் விண்ணப்பதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் ஓர் எண்ணைக் கேட்டு வாங்கி ஒட்டுவது படிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அந்த விழுக்காட்டையும் ஊகமாக எழுத வேண்டாம், உங்கள் பிரிவின் பழைய பதிவுகளிலிருந்து எடுங்கள்.

ஆயிரம் பேரைப் புதிதாகச் சேர்த்து மூன்று ஆண்டு காத்திருக்க ஓர் இளம் ஆய்வாளரின் மானியம் இடம் கொடுக்காது. அதனால் வேறொரு வழியைப் பரிந்துரைக்கிறேன்: ஏற்கெனவே சேமித்துவைத்த மாதிரிகளைத் தேடுங்கள். 2004 முதல் 2011 வரை இங்கு மலாய், இந்திய, சீன சமூகத்தினர் சுமார் 10,000 பேரைச் சேர்த்துக் கண்நோய் ஆய்வு ஒன்று நடந்தது; அந்தத் தரவுகள் சிறுநீரக ஆய்வுகளுக்கும் பயன்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட குழுவிடம் உங்களுக்குத் தேவையான மாதிரி இருக்கிறதா, நீண்டகால உறைநிலையில் அந்தப் புரதம் சிதையாமல் இருக்குமா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், பழுதடைந்தவர்களையும் பழுதடையாதவர்களையும் இணைத்து ஒப்பிட்டு ஒரே ஆண்டில் பதில் காணலாம். அதோடு, உங்கள் மருத்துவமனையில் 40 பேரிடம் அளந்து பார்த்த முன்னோட்டத் தரவு இருந்தால் அதைச் சிறு வரைபடமாகப் போடுங்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

பழைய மாதிரி என்றாலும் புதிது என்றாலும் ஒப்புதல் கேள்வி வரும். 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தில் மனிதத் திசுக்கள் பற்றிய பகுதி 2019 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கொடுத்தவரின் ஒப்புதல் உங்கள் ஆய்வுக்கும் பொருந்துமா என்பதை நெறிமுறைக் குழுவிடம் இப்போதே கேட்டு, கிடைத்த பதிலை ஒரு வரியில் எழுதுங்கள். புதிதாக ஆள் சேர்ப்பதாக இருந்தால் தமிழ், மலாய், சீன மொழிகளில் ஒப்புதல் படிவத்துக்கும் அதை விளக்கிச் சொல்லும் ஒருங்கிணைப்பாளருக்கும் பணம் ஒதுக்குங்கள். என் முதல் ஆய்வில் அதற்கு நான் ஒதுக்கவில்லை. தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராக விடுபட்டுப் போனார்கள்; நீரிழிவின் சுமையை அதிகம் தாங்கும் சமூகங்களில் ஒன்று என் ஆய்வில் அரைகுறையாகத்தான் இடம்பெற்றது. பணம் மிச்சமானது, ஆனால் முடிவுகள் யாருக்குப் பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

செலவுத் திட்டத்தின் மற்றப் பகுதிகளுக்கு ஒரே அளவுகோல்: எந்த வரியை எடுத்தாலும் அது ஆய்வின் எந்த வேலைக்கு என்று சொல்ல முடிய வேண்டும்.

மதிப்பீட்டாளர்களுக்கான பதிலை அவர்களுடைய சொற்களிலேயே தொடங்குங்கள்: இன்னது கேட்டீர்கள், இன்ன பக்கத்தில் இப்படி மாற்றியிருக்கிறேன். உடன்பாடில்லாத இடத்தில் மரியாதையோடு ஆதாரத்தை வைத்து மறுக்கலாம், தவறே இல்லை. அந்த ஒரு பக்கத்தைச் சிறுநீரகத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம், எலும்பு மருத்துவரிடமோ தாதியரிடமோ, கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஆய்வு எதைப் பற்றியது என்று கேளுங்கள். அவர் தடுமாறிய இடத்தைத்தான் மறுநாள் காலை திருத்த வேண்டும்.

இன்னொன்று. மானிய விண்ணப்பங்களை இணையத்தில் அனுப்பும் ஐஜிஎம்எஸ் தளத்தில் நீங்கள் சமர்ப்பித்த பின் உங்கள் நிறுவனத்தின் ஆய்வு அலுவலகம் ஒப்புதல் தந்தால்தான் விண்ணப்பம் மானியம் தருபவரிடம் போய்ச் சேரும். அலுவலகத்தின் உள் கெடு, அறிவிக்கப்பட்ட கெடுவுக்கு முன்னரே முடிந்துவிடும். நாளைக் காலை முதல் வேலையாக அந்தத் தேதியைக் கேட்டு, ஆறு வாரத்தை அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.