பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்: கேள்வி-பதில்

கே: பிரிட்டிஷ் கடற்படையின் டி.எஸ்.எம். (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்) வீரப் பதக்கம் அதிகாரிகளுக்கும் உண்டா?

ப: கிடையாது. 1914 அக்டோபரில் தொடங்கிய இந்தப் பதக்கம் மாலுமி, பெட்டி ஆபீசர் மட்டத்தோடு சரி. அதே சண்டையில் அதே துணிச்சலைக் காட்டிய அதிகாரிக்கு டி.எஸ்.சி. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ்). ஒரே கப்பலில் இரண்டு பந்தி! 1993-ல்தான் டி.எஸ்.எம்.மை நிறுத்தி, டி.எஸ்.சி.யை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள்.

கே: பழம்பொருள் கடையில் ஒரு டி.எஸ்.எம். வாங்கினேன். யாருடையது, எதற்காகக் கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

ப: மன்னர் தலையை ரசித்தது போதும், விளிம்பைத் திருப்புங்கள். பெயர், பதவி, பணி எண் அங்கே இருக்கும். எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இரண்டாம் உலகப் போர்க்கால எண் 'டி/கேஎக்ஸ்' என்று தொடங்கினால் அவர் டெவன்போர்ட் தளத்து ஸ்டோக்கர், கொதிகலன் அறையில் வெந்தவர். 'பி/ஜேஎக்ஸ்' என்றால் போர்ட்ஸ்மத் தளத்து சீமன் பிரிவு. 'சி' என்பது சாத்தம் தளம். அடுத்து, பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் பெயரைத் தேடுங்கள். போர்க்கால அறிவிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிதான், சோர்ந்துவிடாதீர்கள். லண்டனின் கியூ (Kew) பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏடிஎம் 1 (ADM 1) என்ற கடற்படை வரிசைக் கோப்புகளில் விரிவான பரிந்துரை சிக்கக்கூடும். ஒன்று மட்டும் கவனம்: பெயர் இருக்கும் இடத்தில் விளிம்பு பள்ளமாகத் தெரிந்தால், பழைய பெயரை ராவிவிட்டு வேறு பெயரைப் பொறித்திருக்கலாம்.

கே: பாலிஷ் போடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். வெள்ளியோடு எழுத்தும் தேயும்.

கே: சண்டையில் இறந்தவர்களுக்கு ஏன் டி.எஸ்.எம். கொடுக்கவில்லை?

ப: விதி அப்படி. எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கு, இறந்தபின் தரக்கூடிய பதக்கம் 1979 வரை மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் ஒன்றுதான். அதற்கு எட்டாதவர்களுக்குப் போர் அறிக்கையில் ஒரு குறிப்பு, அவ்வளவே. 1940 ஜூலை 4-ல் போர்ட்லண்ட் துறைமுகத்தில் நின்ற ஃபாயில்பேங்க் கப்பல்மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. லீடிங் சீமன் ஜாக் மேன்டிலின் இடது கால் சிதைந்தது. மின்சாரமும் போயிற்று. பீரங்கியைக் கையாலேயே திருப்பிச் சுட்டபடி நின்றார், மறுபடி காயம்பட்டு அதன் பக்கத்திலேயே விழுந்தார். அவருக்கு, இறந்தபின், விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

கே: ஜெர்மன் நீர்மூழ்கி யு-559-லிருந்து எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தின் ரகசியக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்த பிரிட்டிஷ் கடற்படையினருக்கு விக்டோரியா கிராஸ் ஏன் கிடைக்கவில்லை?

ப: ஜெர்மானியர்கள் கப்பலைக் கைவிட்டுவிட்டார்கள், எனவே 'எதிரியின் முன்' என்ற நிபந்தனை பொருந்தாதாம்! 1942 அக்டோபர் 30 அன்று மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் கப்பலுக்குள்ளேயே மாண்ட ஃபாசனுக்கும் கிரேசியருக்கும், எதிரியின் முன் அல்லாத வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிய தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. புத்தகங்களை மேலே வாங்கிக் கடத்திய டாமி பிரவுனுக்கு ஜார்ஜ் மெடல். அவர் மாலுமிகூட இல்லை, கப்பல் கேன்டீன் உதவியாளர், வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த 16 வயதுப் பையன்.