மனம் ஒப்பாத கையெழுத்து

கேள்வி: ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். சோதித்துப் பார்க்காத பொருள்களுக்கும் பதிவேட்டில் ‘சோதிக்கப்பட்டது’ என்று குறித்துக் கையெழுத்திடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. “இதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லையே” என்கிறார்கள் மூத்தவர்கள். “வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே” என்கிறார்கள் வீட்டில். என் உள்மனம் மட்டும் கூடாது என்கிறது. அது மனசாட்சியா, வெறும் பயமா என்று புரியாமல் குழம்பிப்போயிருக்கிறேன். அதை நம்பலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நம்பலாம். நீங்கள் எழுதியிருக்கும் இந்த விஷயத்தில் தயங்காமல் நம்பலாம்.

பயமோ என்ற உங்கள் சந்தேகத்தை முதலில் பார்ப்போம். வேலை போய்விடும், மூத்தவர்களின் வெறுப்புக்கு ஆளாக நேரிடும் என்ற அச்சங்கள் எல்லாம் உங்களைக் கையெழுத்துப் போடும்படிதான் தூண்டுகின்றன. உள்மனமோ அதற்கு நேர்எதிராக நிற்கிறது. என்றைக்காவது மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் இதில் கலந்திருக்கலாம் என்பது உண்மையே. அதை அறிய ஒரு வழி உண்டு. இந்தப் பதிவேட்டை இனி எவரும் திறந்து பார்க்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்கும்போது கை தயங்குமானால், அந்தப் பொருளைப் பயன்படுத்தப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காகவே அது தயங்குகிறது.

குழப்பமான சூழலில் மனசாட்சி மௌனமாகிவிடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனைகளை நினைத்துப் பாருங்கள். பக்கத்து அறையில் இருப்பவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம் 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை படிப்படியாக மின்னதிர்ச்சியைக் கூட்டும்படி அதில் பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. அந்த மனிதர் நடிக்கிறார், உண்மையில் மின்சாரம் பாயவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. முதலில் வெளியிடப்பட்ட சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை சென்றார்கள். இந்த எண்ணிக்கையை மட்டும் சொல்லி மனித இயல்பைப் பழிப்பவர்கள் பலர் உண்டு. அந்த அறையில் கண்ணெதிரே தெரிந்ததை அவர்கள் சொல்வதில்லை. பங்கேற்றவர்களில் பலருக்கு வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின, வார்த்தைகள் திக்கின. உதட்டைக் கடித்துக்கொண்டே விசையை அழுத்தியவர்களும் இருந்தார்கள். இது தவறு என்று அவர்களுடைய உடலே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால், அருகில் நின்று “தொடருங்கள்” என்று அமைதியாகச் சொன்ன ஆய்வாளருக்குத் தம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும் என்று எண்ணித் தம் உள்ளம் சொன்னதை ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் பிரிவில் உங்களைச் சுற்றியும் இதுவே நடக்கிறது என்று நினைக்கிறேன். அந்த மூத்தவர்களுக்கும் முதல் பொய்க் கையெழுத்தின்போது உறுத்தியிருக்கும்.

“இதுவரை எதுவும் ஆகவில்லை” என்ற வாதத்தை மட்டும் ஒருபோதும் ஏற்காதீர்கள். 1986 ஜனவரி 27 அன்று இரவு, சேலஞ்சர் விண்ணோடத்தை மறுநாள் செலுத்த வேண்டாம் என்று அதன் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஸ்ஜோலி உட்பட, வற்புறுத்தினார்கள். கடுங்குளிரில் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் இறுகி, சூடான வாயுவைத் தடுக்கத் தவறிவிடும் என்பது அவர்களுடைய கவலை. முந்தைய பயணங்களிலேயே அந்த வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. ஆயினும் விண்ணோடங்கள் பத்திரமாகத் திரும்பியதால், அந்த அரிப்பே பொறுத்துக்கொள்ளக்கூடியது என்று கருதப்பட்டுவிட்டது. நிர்வாகிகள் பொறியாளர்களின் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு ஒப்புதல் அளித்தார்கள். மறுநாள் புறப்பட்ட 73 விநாடிகளில் விண்ணோடம் சிதறி, அதிலிருந்த 7 பேரும் மாண்டார்கள். பாய்ஸ்ஜோலியின் எதிர்ப்பு வெறும் உள்ளுணர்வு அன்று. வளையங்களை ஆராய்ந்து பெற்ற அறிவும் மனசாட்சியும் அவரிடம் ஒன்றாகப் பேசின. சோதிக்காத பொருளைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பதும் அத்தகைய நேரடி அறிவே.

வேலையை உதறிவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வருமானத்தை நம்பி வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சோதிக்காததற்கு எதிரே ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். நேரம் போதாமை காரணமானால் அதையும் குறித்து, மேலாளருக்கு எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், உங்களைப் போலவே உள்ளுக்குள் உறுத்தலோடு இருக்கும் சக ஊழியர் ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். மில்கிராமின் வேறொரு சோதனையில் உடனிருந்த இருவர் மறுத்து எழுந்தபோது, கடைசி வரை சென்றவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. துணை கிடைத்ததும் மற்றவர்கள் தாங்கள் முன்பே உணர்ந்ததைச் செய்தார்கள்.

கேள்வி: கொடுமை செய்தவர்கள்கூட மனசாட்சிப்படி நடந்ததாகத்தானே சொல்கிறார்கள்? அப்படியிருக்க அதை எப்படி நம்புவது?
— ஒரு வாசகர்

பதில்: நியாயமான கேள்வி. மனசாட்சியும் வளர்ந்த சூழலால் உருவாவதுதான். மனிதர்களை விலைக்கு வாங்கி அடிமையாக வைத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் உறுத்தலின்றி உறங்கியிருக்கிறார்கள். ஆகவே உள்ளத்தின் எல்லாப் பேச்சுக்கும் நான் ஒரே மதிப்பைத் தருவதில்லை. தம் உள்ளே கேட்ட குரல் தம்மைத் தடுத்ததே தவிர எதையும் செய்யும்படி ஒருபோதும் ஏவியதில்லை என்று சாக்ரடீஸ் தம் விசாரணையில் சொன்னதாக பிளேட்டோ பதிவு செய்திருக்கிறார். இது எனக்குப் பெரிதும் உதவும் வேறுபாடு. நமக்கு இழப்பு வரும் என்று தெரிந்தும் ‘செய்யாதே’ என்று உள்ளம் தடுக்குமானால் அதை நம்பலாம். நாம் ஏற்கெனவே விரும்பும் ஒன்றுக்கு, அதிலும் பிறரை வதைக்கும் ஒன்றுக்கு, அது அனுமதி வழங்குமானால் சந்தேகப்பட வேண்டும். அந்தச் செயலால் அடிபடப்போகிறவர் முன் அமர்ந்து, அவர் பேசுவதை முழுவதும் கேட்ட பிறகும் அந்த அனுமதி நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்பேசியில் ஒரு காணொளியைக் கண்ட மாத்திரத்தில் பொங்கும் ஆத்திரத்தைப் பலர் மனசாட்சி என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே நமக்கு முதலில் தேவைப்படுவது தகவல். அந்தக் காட்சி எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்று தெரியும் வரை அதைப் பிறருக்கு அனுப்பாமல் வைத்திருங்கள்.