கருந்துளையின் அடுப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்மீன் பிறப்பும் கருந்துளை வளர்ச்சியும் கைகோத்துச் செல்கின்றன என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நம் பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளை வெறும் 40 லட்சம் சூரிய நிறை. விழுங்க மட்டுமே தெரிந்த அற்பப் பொருள் ஒரு கேலக்ஸியின் விண்மீன் பிறப்பை எப்படிக் கட்டுப்படுத்தும்? விண்மீன்கள் மளமளவென்று பிறக்கும் பல கேலக்ஸிகளில் கருந்துளை தூங்குகிறதே?

ச.

அன்புள்ள ச.,

'கைகோத்து' என்றது என் அவசரம். இரண்டும் ஒரே பானையில் கைவைப்பவை, அவ்வளவுதான். பானையில் இருப்பது குளிர்ந்த வாயு. அது நிறைந்திருந்த காலத்தில், ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன், விண்மீன் பிறப்பும் கருந்துளை வளர்ச்சியும் உச்சத்தில் இருந்தன. பிறகு இரண்டும் சேர்ந்தே இறங்கின.

'விழுங்க மட்டுமே' என்பதைத்தான் ஏற்க மாட்டேன். உள்ளே போன பொருள் திரும்பாது, உண்மை. ஆனால் போவதற்கு முன் சுழன்று, உரசி, சூடேறுகிறதே, அப்போது அதன் நிறையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆற்றலாக வெளியேறலாம். சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது கிடைப்பது 0.7 சதவீதம்தான்.

சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள பெர்சியஸ் என்ற கேலக்ஸிக் கொத்தைப் பாருங்கள். அதன் நடுவிலுள்ள கருந்துளை, சுற்றியுள்ள கொதிவாயுவில் குமிழிகளை ஊதி ஒலியலைகளை எழுப்புகிறது. கேம்பிரிட்ஜின் ஆண்ட்ரூ ஃபேபியன் குழு 2003இல் இதை அறிவித்தது. கண்டது நம் வானியற்பியலர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கி. அந்த ஒலி பியானோவின் நடு ஸ்வரத்திலிருந்து 57 ஸ்தாயி கீழே! நம் மந்திர ஸ்தாயி அதன் முன் கூச்சல். வாயு ஆறினால்தானே சுருங்கி விண்மீனாகும்? இந்த அலைகள் அதை ஆறவிடாமல் காய்ச்சுகின்றன என்பது அவர்களின் விளக்கம்.

தூங்கும் கருந்துளைக்கு வருகிறேன். விண்மீன் பிறப்பு பல கோடி ஆண்டு நீளும் வேலை. கருந்துளையோ லட்சம் ஆண்டு எரியும், அணையும், மறுபடி எரியும். நாம் எட்டிப் பார்க்கும் நேரத்தில் அடுப்பு அணைந்திருக்கிறது என்பதால் அந்த வீட்டில் சமையலே இல்லை என்றாகுமா?

இன்னொன்று, என் கட்டுரையில் விட்டுப்போனது. கருந்துளை எப்போதும் தடைக்கல் அல்ல. ஹெனிஸ் 2-10 என்ற குள்ள கேலக்ஸியில், கருந்துளையின் அருகிலிருந்து கிளம்பும் வாயு ஓடை போய் மோதும் இடத்தில் விண்மீன்கள் பிறப்பதை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. முடிவு வெளியானது 2022இல். பெரிய கேலக்ஸிகளில் வாயுவை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிடும் வீச்சு, இங்கே மிதமாக வந்து அதை அழுத்தி நெருக்குகிறது.