சிறுவர் ஏடிவி பராமரிப்பு: கேள்வி பதில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம்மவர் பலர் பிள்ளைகளுக்கென 110 சிசி ஏடிவி (மண்பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கிவிட்டு, அது நின்றுபோன பிறகு விசாரிக்கிறார்கள். சீனாவில் தயாராகிப் பல பெயர்களில் விற்கப்படும் இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றில், 1958-இல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் குடும்பத்தின் வழிவந்த படுக்கைவாட்டு நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினே இருப்பதால், வண்டியின் பெயர் எதுவானாலும் கீழுள்ள விடைகள் பொருந்தும். இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

கேள்வி (டெக்சாஸ்): குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டி கிளம்பவில்லை. செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது. பிளக்கும் மாற்றிவிட்டேன்.

பதில்: பழைய பெட்ரோலே காரணமாக இருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், எரிபொருளின் ஆவியாகும் பகுதி மாதக்கணக்கில் பறந்துபோகும், எஞ்சியது கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பிசினாகப் படியும். முதலில் அடைபடுவது, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு துளைத் திருகான பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்தவுடன் அணையும் வண்டிக்கும் இதுவே நோய். டேங்கைக் காலி செய்து, அடிக்கிண்ணத்தைக் கழற்றி, பைலட், மெயின் ஆகிய இரண்டு ஜெட்களையும் வெளியே எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, மெல்லிய செம்புக் கம்பியிழையால் துளையைத் திறக்க வேண்டும். எஃகு ஊசி பித்தளைத் துளையை அகலப்படுத்திவிடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாதவரை வேலை முடியவில்லை.

கேள்வி (ஒன்டாரியோ): செல்ஃப் பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை.

பதில்: பிரேக் பிடியை அழுத்திக்கொண்டு அடித்தீர்களா? பல வண்டிகளில் பிரேக் பிடிக்காமல் செல்ஃப் வேலை செய்யாது. அடுத்து ஃபியூஸ், பிறகு பேட்டரி. செல்ஃப் சுழன்றும் தீப்பொறி வராவிட்டால், தீப்பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டிக்குச் செல்லும் கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) ஒயரைச் சோதனைக்காக மட்டும் கழற்றிப் பாருங்கள். பொறி வந்தால் கோளாறு சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கிறது. கண்டுபிடித்த பின் அந்த ஒயரைத் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். பிள்ளை கீழே விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது வண்டியின் பின்னால் கில் சுவிட்சோடு கட்டியிருக்கும் கயிறு ஒன்றுதான்.

கேள்வி (நியூ ஜெர்சி): காலையில் உடனே கிளம்புகிறது. அரை மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்தினால், ஆறும்வரை மறுபடி கிளம்புவதில்லை.

பதில்: நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இது. வால்வு இடைவெளியை, மெக்கானிக்குகள் டேப்பெட் என்று சொல்வதை, பார்க்க வேண்டும். ஓட ஓட வால்வு தன் இருக்கைக்குள் சிறிது சிறிதாக இறங்குகிறது. அதனால் ராக்கருக்கும் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) வால்வின் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறைகிறது. குளிர்ந்த நிலையில் எப்படியோ மூடிக்கொள்ளும் வால்வு, சூட்டில் தண்டு நீண்டதும் முழுதாக மூடாமல் நிற்கும், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் (கம்ப்ரஷன்) கசிந்துபோகும். இவ்வெஞ்சின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, இரண்டு வால்வுகளுக்கும் 0.05 மி.மீ. எஞ்சின் முற்றிலும் ஆறிய நிலையில், மேக்னெட்டிலுள்ள (எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம்) டி குறியை எஞ்சின் உடலிலுள்ள குறிக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டு ராக்கர்களும் சற்றே ஆடுகின்றனவா என்று விரலால் பாருங்கள். ஆடாவிட்டால் நீங்கள் வேறு ஸ்ட்ரோக்கில் இருக்கிறீர்கள்; இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பிறகு ஃபீலர் கேஜ் என்னும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு லேசான பிடிப்போடு நுழையும்படி திருகைச் சரிசெய்து, நட்டை இறுக்கிய பின் மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது அளவு மாறிவிடுவது வழக்கம்.

மறுப்பு (கலிஃபோர்னியா): இதை ஏற்க முடியவில்லை. எங்கள் வண்டியிலும் இதே தொல்லை இருந்தது. புதிய கார்புரேட்டர் போட்டதும் சரியானது. டேப்பெட் கெட்டிருந்தால் சத்தம் வருமே?

பதில்: சத்தம் வருவது இடைவெளி கூடினால். குறைந்தால் எஞ்சின் முன்னைவிட அமைதியாக ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது, ஏனெனில் முழுதாக மூடாத எக்ஸாஸ்ட் வால்வுக்குத் தன் சூட்டை இருக்கைக்குக் கடத்த வழியில்லாமல் அது கருகத் தொடங்குகிறது. கார்புரேட்டரால் உங்கள் வண்டி சரியாகியிருக்கலாம். மிதவையின் ஊசி கசிந்தால் சூடான எஞ்சினில் பெட்ரோல் நிரம்பி அதுவும் கிளம்பாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: நனைந்திருந்தால் கார்புரேட்டர், உலர்ந்திருந்து பொறியும் நன்றாக வந்தால் டேப்பெட், சூட்டில் பொறியே இல்லையென்றால் பிக்கப் காயில் (பொறிக்கான நேரத்தைச் சிடிஐ-க்குச் சொல்லும் சுருள்) அல்லது சிடிஐ. காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு முன்னால் காசில்லாத சோதனையைச் செய்யுங்கள் என்பதே என் வாதம்.

மறுப்பு (அதே நண்பர்): இவ்வளவு சிறிய எஞ்சினில், பிள்ளைகள் ஓட்டும் வேகத்தில், வால்வு எவ்வளவு தேயும்?

பதில்: சிறிய எஞ்சின் என்பதால்தான் தேய்கிறது. கியர் மாற்றும் வசதியில்லாத வண்டியில் பிள்ளைகள் ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்திப் பிடிக்கிறார்கள். எஞ்சின் பெரும்பாலான நேரம் தன் உச்சச் சுழற்சிக்கு அருகிலேயே ஓடுகிறது. புதிய எஞ்சினில் முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகே அளந்துவிட வேண்டும்.

கேள்வி (நியூ ஜெர்சி, மீண்டும்): அளந்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் 0.05 தகடு நுழையவே இல்லை. சரிசெய்த பிறகு சூட்டிலும் கிளம்புகிறது, ஆனால் சற்று நேரமெடுக்கிறது.

பதில்: நல்லது. இன்னும் சில முறை ஓட்டிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இடைவெளி விரைவில் மறுபடி மூடிக்கொண்டால் வால்வு இருக்கை பழுதாகியிருக்கிறது. ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் தலைப்பகுதி) இறக்கி வால்வைத் தேய்த்து உட்காரவைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

கேள்வி (ஜார்ஜியா): எங்கள் வண்டி சோக் போட்டால்தான் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் விடையைப் படியுங்கள்.

கேள்வி (மிச்சிகன்): கார் எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. கிளட்ச் அந்த ஆயிலுக்குள்ளேயே சுழல்கிறது; கார் ஆயில் சிலவற்றிலுள்ள வழுக்கும் சேர்மானம் கிளட்சைப் பிடிப்பிழக்கச் செய்யும். ஜேசோ எம்ஏ (ஆயிலில் சுழலும் கிளட்சுக்கான தரக்குறி) என்று அச்சிட்ட 10டபிள்யூ-40 மோட்டார்சைக்கிள் ஆயில் வாங்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் காகித ஃபில்டர் கிடையாது, கம்பிவலைதான் உண்டு; ஆகவே ஆயிலை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு பாதுகாப்பில்லை.

கேள்வி (வர்ஜீனியா): மகனுக்குப் பத்து வயது. வேகம் போதவில்லை என்கிறான். ஆக்சிலேட்டரிலுள்ள வேகக் கட்டுப்பாட்டுத் திருகை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க உதவமாட்டேன். அமெரிக்கத் தர விதிகளின்படி பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிறுவர்களுக்கான வண்டி, கட்டுப்பாட்டோடு மணிக்கு 15 மைலும் அது இல்லாமல் 30 மைலும் தாண்டக் கூடாது. அந்தத் திருகு இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நிற்கிறது. பதினாறு வயதுக்குட்பட்டோர் ஏடிவி ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. அதை மீறித்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், திருகையாவது விட்டுவையுங்கள்.

கேள்வி (இல்லினாய்): தங்கையைப் பின்னால் உட்காரவைத்து அண்ணன் ஓட்டலாமா?

பதில்: கூடாது. பின் ஆக்ஸிலில் டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) இல்லை. இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதால், வளைவில் ஓட்டுபவர் தன் எடையை நகர்த்தித்தான் திருப்ப முடியும். பின்னால் ஒருவர் இருந்தால் அந்த இடமும் போகிறது, கட்டுப்பாடும் போகிறது. கில் சுவிட்ச் கயிற்றையும் நான் மறுபடி சொல்கிறேன்: கழற்றாதீர்கள்.

கேள்வி (ஓஹையோ): டயரில் 30 பிஎஸ்ஐ காற்று அடித்தேன், வண்டி குதிக்கிறது.

பதில்: உடனே இறக்குங்கள். இந்த டயர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் 3 முதல் 5 பிஎஸ்ஐ மட்டுமே; டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டினால் டயர் வெடிக்கக்கூடும். கார் கேஜ் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது; குறைந்த அழுத்தக் கேஜ் தனியாக வாங்குங்கள்.

கேள்வி (அல்பெர்ட்டா): ஆறு மாதம் பனியில் நிறுத்தப்போகிறேன். பெட்ரோலை என்ன செய்வது? அடுத்த வசந்தத்தில் கிளம்புமா?

பதில்: டேங்கை வடித்து, அடிக்கிண்ணத்தின் கீழ்த் திருகைத் திறந்து கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை சிறிய சார்ஜரில் போடுங்கள். கிளம்பும்.